போர்டு விழிக்கும் முதல் ஐந்து நொடிகள்

2021 பிப்ரவரி 7 அன்று ராமேஸ்வரத்தில் 100 குட்டிச் செயற்கைக்கோள்களைப் பலூனில் கட்டி வானுக்கு அனுப்பினார்கள். சுமார் ஆயிரம் பள்ளி மாணவர்கள் சேர்ந்து செய்தவை. அப்துல் கலாம் சர்வதேச அறக்கட்டளையும் ஸ்பேஸ் ஸோன் இந்தியாவும் மார்ட்டின் குழுமமும் இணைந்து நடத்திய நிகழ்ச்சி அது. ஒவ்வொன்றும் ஃபெம்டோ வகை, அதாவது 100 கிராமைத் தாண்டாதது. பூமியைச் சுற்றுவது இவற்றின் வேலையல்ல. பலூன் போகும் உயரம் வரை போய் அளந்துவிட்டு இறங்க வேண்டும். ஆனாலும் பெரிய செயற்கைக்கோளுக்கு உள்ள கட்டுப்பாடு இவற்றுக்கும் உண்டு. கயிற்றை விட்ட பிறகு ரீசெட் பட்டனை அழுத்த ஆள் கிடையாது. தானாக விழிக்க வேண்டும், தானாக வேலையைத் தொடங்க வேண்டும்.

ராமேஸ்வரக் கரைக்கு அளவெடுப்பது புதுப் பழக்கம் அல்ல. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றுவேகமானி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் காத்திருக்கும். மண்டபம் என்ற ஊரில் காரைக்குடியின் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் நிறுத்திவைத்து எது எவ்வளவு அரிக்கிறது என்று கணக்கெடுத்திருக்கிறது. அதே மண்டபத்தில்தான் 2010இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கடல் விராலைச் சினைப்படுத்திக் குஞ்சு எடுத்தது. கடலில் மிதக்கும் கூண்டுகளில் அந்த மீனை வளர்ப்பவர்களுக்கு நீரின் வெப்பம் அன்றாடக் கவலை.

அந்த வெப்பத்தைக் கைபேசியில் பார்க்க இன்று சென்சார் ஒன்றும் வைஃபை உள்ள சில நூறு ரூபாய் போர்டு ஒன்றும் போதும். ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி மாணவர் அதை வாங்கி, கம்ப்யூட்டரில் செருகி, புரோகிராம் ஏற்றி, வைஃபையில் இணைத்துவிடலாம். விளம்பரம் அப்படித்தான் சொல்கிறது. நடப்பது வேறு. கம்ப்யூட்டர் சீரியல் போர்ட்டைக் காட்டவில்லை, புரோகிராம் ஏறவில்லை, ஏறினாலும் வைஃபை பிடிக்கவில்லை. உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மென்பொருளை மறுபடி நிறுவத் தொடங்குகிறோம். அதற்குத் தேவையே இல்லை. செருகிய கணத்திலிருந்து வைஃபை கிடைக்கும் வரை கழிவது பெரும்பாலும் ஐந்து நொடிக்குள்தான். அந்த நேரத்தில் போர்டு சில வாசல்களை ஒரே வரிசையில் கடக்கிறது. எந்த வாசலில் நின்றது என்று தெரிந்தால் பழுதும் தெரிந்துவிடும்.

ஐந்து டாலருக்குக் குறைந்த சில்லு

கதை 2014 ஆகஸ்டில் தொடங்குகிறது. சிங்கப்பூர்க்காரரான தியோ ஸ்வீ ஆன் 2008இல் ஷாங்காயில் தொடங்கிய எஸ்ப்ரெஸிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 என்ற சில்லு, கட்டைவிரல் அளவுப் பலகையில் ஏறி ஐந்து டாலருக்கும் குறைவாகச் சந்தைக்கு வந்தது. மற்றக் கருவிகளுக்கு வைஃபை கொடுக்கும் துணைக்கருவியாகத்தான் அதை விற்றார்கள். விளக்கக் குறிப்புகள் சீன மொழியில் இருந்தன. ஆர்வலர்கள் அவற்றை மொழிபெயர்த்து, உள்ளே 80 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் முழு செயலி இருப்பதைக் கண்டு, நேரடியாக அதிலேயே புரோகிராம் எழுதத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில், அப்படி எழுத உதவும் நோட்எம்சியூ என்ற மென்பொருள் பிறந்தது. 2016இல் அதன் தம்பி இஎஸ்பி32 வந்தது. இந்த அத்தியாயம் பேசுவது இந்த இரண்டையும் பற்றித்தான்.

தொடக்கநிலையாளரின் பெரிய பயம், தவறான புரோகிராம் ஏற்றி போர்டைக் கெடுத்துவிடுவோமோ என்பது. சாதாரணப் பயன்பாட்டில் அது ஏறத்தாழ நடக்காது. விழித்ததும் ஓடும் முதல் நிரல் சில்லுக்குள்ளேயே தொழிற்சாலையில் பதிக்கப்பட்டது. நீங்கள் ஏற்றும் எதுவும் அதை அழிக்க முடியாது. உங்கள் புரோகிராம் இருப்பது பக்கத்தில் உள்ள தனி ஃப்ளாஷ் நினைவகத்தில். அது எவ்வளவு குழம்பினாலும் முதல் நிரல் அடுத்த முறையும் சரியாக விழித்து, புது நிரலை வாங்கத் தயாராக இருக்கும்.

மின்சாரமும் கேபிளும்

போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் போர்ட் இல்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். யூஎஸ்பி ஒயருக்குள் அடிப்படையில் நான்கு கம்பிகள்: சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. சார்ஜ் ஏற்றுவதற்கென்றே விற்கும் மலிவு ஒயர்களில் பின்னவை இரண்டும் இருக்காது. விளக்கு எரியும், பேச்சு நடக்காது.

நல்ல கேபிளிலும் போர்ட் வரவில்லையென்றால், யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் குட்டிச் சில்லைப் பாருங்கள். அதன் மேல் சிஎச்340 அல்லது சிபி2102 என்று எழுதியிருக்கும். விண்டோஸில் அதற்குரிய டிரைவர் வேண்டும். லினக்ஸில் டிரைவர் உள்ளேயே இருக்கும். ஆனால் உங்கள் பயனர் கணக்கு டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். உபுண்டு 22.04இல் வேறொரு வம்பு: பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளுக்கென உள்ள பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, சிஎச்340 சில்லைத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். அதை நீக்கினால் போர்ட் திரும்பும்.

மின்சாரத்தின் இன்னொரு முகம் பிறகுதான் தெரியும். புரோகிராம் ஏறுகிறது, ஓடுகிறது, வைஃபை தொடங்கும் வரியில் மட்டும் போர்டு செத்துச் செத்துப் பிழைக்கிறது. காரணம் எழுதிய நிரலில் இல்லை. ரேடியோ அனுப்பும் கணத்தில் இஎஸ்பி8266 சுமார் 170 மில்லி ஆம்பியரும், இஎஸ்பி32 சுமார் 240 மில்லி ஆம்பியரும் கேட்கும். நொடிப்பொழுதுக்கு அதற்கு மேலும் போகும். சிலர் தனி மாட்யூலுக்கு எஃப்டி232 மாற்றியின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தப் பின் கொடுக்கக்கூடியது 50 மில்லி ஆம்பியர்தான். பல போர்டுகளில் உள்ள 1117 வகை ரெகுலேட்டருக்கோ உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே போவதைவிட ஒரு வோல்டுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். 5 வோல்ட் யூஎஸ்பியில் சிக்கலில்லை. 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியை நேரே அதில் கொடுத்தால் வைஃபை தொடங்கும்போது தடுமாறும். இஎஸ்பி32 இதைத் தானே அறிவித்துவிடும்: திரையில் 'பிரவுன்அவுட்' என்ற சொல் வந்தால் நிரலைத் தொடாதீர்கள், மின்சாரத்தைச் சரிசெய்யுங்கள்.

விழிக்கும் கணத்தில் கேட்கும் கேள்வி

மின்சாரம் நிலைத்ததும் முதல் நிரல் ஓடுகிறது. அது முதலில் செய்வது, சில பின்களில் மின்னழுத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஜிபிஐஓ 0 என்ற பின்னில் மின்னழுத்தம் இருந்தால் ஃப்ளாஷில் இருக்கும் புரோகிராமை ஓட்டும். அது தரையோடு இணைந்திருந்தால் புரோகிராமை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் புதிதாக ஏதாவது தரும் என்று காத்திருக்கும். போர்டில் உள்ள பூட் அல்லது ஃப்ளாஷ் பட்டன் செய்வது இவ்வளவுதான்: ஜிபிஐஓ 0ஐத் தரையோடு இணைக்கிறது. இந்தப் பார்வை ரீசெட் முடியும் ஒரு கணத்துக்கு மட்டுமே. பிறகு அந்தப் பின்னை என்ன செய்தாலும் கவலையில்லை.

போர்டில் உள்ள இரண்டு டிரான்சிஸ்டர்கள் கம்ப்யூட்டரின் கட்டளைப்படி ரீசெட்டையும் ஜிபிஐஓ 0ஐயும் தாமே இழுத்துவிடும். அதனால்தான் பொதுவாக நாம் பட்டனை அழுத்துவதில்லை. அதன்பின் கம்ப்யூட்டர் 01010101 என்ற பைட்டை 32 முறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. ஒன்றும் சுழியும் மாறிமாறி வருவதால் போர்டு அந்தத் தாளத்திலிருந்து பேச்சு வேகத்தை அளந்துகொள்ளும். திரையில் 'கனெக்டிங்' என்ற சொல்லுக்குப் பின் ஓடும் புள்ளிகள் இந்த முயற்சிகள்தான். பதில் வராவிட்டால் 'பாக்கெட் ஹெடருக்காகக் காத்திருந்து நேரம் முடிந்தது' என்ற பொருளில் பிழை வரும். அதாவது போர்டு தரவு வாங்கும் நிலைக்கே வரவில்லை. பூட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, புள்ளிகள் ஓடத் தொடங்கியதும் விடுங்கள். இஎஸ்பி32இல் ஒவ்வொரு முறையும் இதே தொல்லை என்றால், ரீசெட்டுக்குரிய ஈஎன் பின்னுக்கும் தரைக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தால் ரீசெட் சற்றுத் தாமதித்து முடியும். டிரான்சிஸ்டர்களுக்கு நேரம் கிடைக்கும்.

நீங்கள் இணைத்த சென்சாரும் இந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொல்லக்கூடும். இஎஸ்பி32இல் ஜிபிஐஓ 12 விழிக்கும்போது உயர்ந்த நிலையில் இருந்தால், சில்லு ஃப்ளாஷுக்கு 3.3 வோல்டுக்குப் பதிலாக 1.8 வோல்ட் கொடுக்கும். வழக்கமான மாட்யூல்களின் ஃப்ளாஷ் அதில் ஓடாது. இஎஸ்பி8266இல் ஆழ்தூக்கத்திலிருந்து எழுப்புவதற்காக ஜிபிஐஓ 16ஐ ரீசெட்டோடு கட்டியிருந்தால், சில போர்டுகளில் புரோகிராம் ஏறாது. எனவே விதி எளிது: எல்லா ஒயர்களையும் கழற்றிவிட்டு வெறும் போர்டில் முயலுங்கள். ஏறினால் குற்றவாளி நீங்கள் இணைத்த ஒன்று.

இந்தக் கட்டத்தில் போர்டு என்ன சொல்கிறது என்று கேட்க சீரியல் மானிட்டர் உண்டு. இஎஸ்பி8266 முதலில் புரியாத குப்பை எழுத்துகளைக் கொட்டும். அது குப்பையல்ல. முதல் நிரல் 40 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருப்பதாக எண்ணி 115200 வேகத்தில் பேசுகிறது. போர்டுகளில் உள்ள படிகமோ 26 மெகாஹெர்ட்ஸ். 115200ஐ 40ஆல் வகுத்து 26ஆல் பெருக்கினால் 74880. மானிட்டரை அந்த வேகத்துக்கு மாற்றினால், எதனால் ரீசெட் ஆனது, எந்த நிலையில் விழித்தது என்று தெளிவான வரிகள் வரும்.

ஃப்ளாஷ் படிக்கும் வாசல்

ஃப்ளாஷ் நினைவகத்தை அழித்தால் எல்லா பிட்டுகளும் ஒன்றாகும். எழுதும்போது வேண்டிய இடங்களில் சுழியாக்குகிறோம். இதை நினைவில் வைத்தால் ஒரு பிழைச்செய்தி தானாகப் புரியும். இஎஸ்பி32 'இன்வாலிட் ஹெடர்' என்று சொல்லிப் பக்கத்தில் எட்டு எஃப் எழுத்துகளைக் காட்டினால், அவை 32 ஒன்றுகள். போர்டு படித்த இடம் காலி. புரோகிராம் ஏறவில்லை, அல்லது வேறு முகவரியில் ஏறியிருக்கிறது. இஎஸ்பி32இன் தொடக்க நிரல் 0x1000 முகவரியில் இருக்க வேண்டும். பின்னர் வந்த சி3, எஸ்3 வகைகளில் சுழியில். போர்டின் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குழப்பம் வரும்.

ஏற்றம் முடிந்தது, சரிபார்ப்பும் முடிந்தது, ஆனால் ஓடவில்லை என்றால் ஃப்ளாஷ் முறையை கியூஐஓவிலிருந்து டிஐஓவுக்கு மாற்றிப் பாருங்கள். சில மலிவு ஃப்ளாஷ்கள் நான்கு கம்பிகளில் படிக்கும் வேகத்தைத் தாங்காது, இரண்டில் ஓடும். ஜிபிஐஓ 6 முதல் 11 வரை ஃப்ளாஷுக்கே உரியவை. அவற்றில் சென்சாரை இணைத்தால் போர்டு தன் நினைவகத்தைத் தானே இழக்கும்.

வைஃபை: கிடைக்கவில்லையா, மறுத்ததா?

இணைப்பு வரவில்லை என்பது ஒரு பழுது அல்ல, குறைந்தது மூன்று. இஎஸ்பி32 ஒவ்வொரு தோல்விக்கும் காரண எண் தருகிறது. 201 என்றால் அந்தப் பெயரில் ரவுட்டரே கண்ணில் படவில்லை. 15 என்றால் ரவுட்டர் கிடைத்தது, ஆனால் கைகுலுக்கல் முடியவில்லை; பெரும்பாலும் பாஸ்வேர்டு தவறு.

201க்கு முதல் காரணம் அலைவரிசை. இந்த இரண்டு சில்லுகளுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ரவுட்டரோ கைபேசி ஹாட்ஸ்பாட்டோ 5இல் இருந்தால் அவற்றுக்கு அது இல்லாததற்குச் சமம். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அலைவரிசையை மாற்றலாம். புதிய ஐபோன்களில் 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்ற தேர்வை இயக்க வேண்டும். நெட்வொர்க் பெயரைத் தமிழில் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். பெயருக்கு 32 பைட்டுகள்தான் இடம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். 'ராமேஸ்வரம்' 30 பைட்டில் அடங்கும். முன்னால் இகரம் போட்டு எழுதினால் 33, அடங்காது.

மூன்றாவது வகைதான் ஏமாற்றும்: இணைந்தது, ஐபி முகவரியும் வந்தது, தரவு மட்டும் போகவில்லை. தங்கும் விடுதிகளின் வைஃபை முதலில் ஒரு பக்கத்தைத் திறந்து கைபேசி எண் கேட்கும். போர்டுக்கு அதை நிரப்பத் தெரியாது. பாதுகாப்பான இணைப்பில் வேறொரு தடை. போர்டுக்குக் கடிகாரம் இல்லாததால் விழித்ததும் ஆண்டு 1970 என்று நம்புகிறது. சான்றிதழைத் தேதிப்படி சரிபார்க்கும் இணைப்புகள் அப்போது தோற்கும். முதலில் இணையத்திலிருந்து நேரம் வாங்க வேண்டும். பழைய ரவுட்டரையே விடாமல் தேடும் போர்டும் உண்டு. வைஃபை விவரங்கள் ஃப்ளாஷில் தனியிடத்தில் இருப்பதால் புது புரோகிராம் ஏற்றினாலும் அவை அழியாது. ஃப்ளாஷ் முழுவதையும் ஒருமுறை அழித்தால்தான் போகும்.

வைஃபை வந்ததும் சென்சார் உளறுகிறது என்பதும் வழக்கமான புகார். இஎஸ்பி32இல் அனலாக் அளவீட்டுக்கு இரண்டு பிரிவுகள் உண்டு. இரண்டாவது பிரிவை ரேடியோ எடுத்துக்கொள்ளும். சென்சாரை ஜிபிஐஓ 32 முதல் 39 வரை உள்ள முதல் பிரிவுக்கு மாற்றுங்கள்.

கடல் சேர்க்கும் கணக்கு

இதுவரை சொன்னது மதுரைக்கும் பொருந்தும். கரையில் இரண்டு விஷயங்கள் கூடுகின்றன: நீரும் உப்பும்.

திறந்த கடல்மேல் தடையே இல்லையே, வைஃபை வெகுதூரம் போகாதா என்று தோன்றும். ரேடியோ அலை இரு முனைகளுக்கு இடையே நூல்போல் போவதில்லை. நடுவில் பருத்த ஒரு வெளி அதற்கு வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 200 மீட்டர் தூரத்துக்கு அந்த வெளியின் ஆரம் நடுவில் சுமார் 2.5 மீட்டர், அரை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 மீட்டர். கூண்டின் விளிம்பில் நீருக்கு ஒரு மீட்டர் மேலே ஆன்டெனா இருந்தால் வெளியின் கீழ்ப்பகுதி கடலுக்குள் மூழ்கிவிடும். அதோடு, சாய்வாக வரும் அலையைக் கடல்நீர் கண்ணாடிபோலத் திருப்பும். திரும்பிய அலை தலைகீழாக வந்து நேரலையை ஓரளவு அழிக்கும். ஆகவே சக்தியைக் கூட்டுவதற்கு முன் உயரத்தைக் கூட்டுங்கள். கரையில் ரவுட்டரை மொட்டைமாடிக்கும் கூண்டில் ஆன்டெனாவைக் கம்பத்துக்கும் ஏற்றுவது முதல் மருந்து. உப்புநீருக்குள்ளோ வைஃபை ஒரு சாண்கூடப் போகாது. நீரில் இறங்குவது சென்சார் ஒயர் மட்டுமே.

உப்பு இன்னும் நுட்பமானது. வாடைக் காற்று வீசும் காலத்தில் வடகடல் பக்கமும் கச்சான் காற்று வீசும் காலத்தில் தென்கடல் பக்கமும் சாரல் ஏறும். சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கசியும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அது சுமார் 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கும். எனவே போர்டில் படிந்த கடல் உப்பு ராமேஸ்வரத்தில் முழுவதும் காய்வது அரிது. கசிந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும்.

அது விழிப்புக் கேள்வியில் கைவைக்கிறது. இஎஸ்பி32இன் ஜிபிஐஓ 0ஐ உயர்ந்த நிலையில் பிடித்திருப்பது உள்ளே உள்ள சுமார் 45 கிலோ ஓம் ரெசிஸ்டர். பக்கத்துத் தரைப்பின்னுக்கு உப்புப் படலம் வழியாக 15 கிலோ ஓம் பாதை உருவானால், மின்னழுத்தம் 3.3இலிருந்து 0.8 வோல்டுக்கு இறங்கும். சில்லு அதைச் சுழி என்று படிக்கும். அடுத்த ரீசெட்டில் புரோகிராம் ஓடாமல் தரவு வாங்கும் நிலையில் நின்றுவிடும். நிரலில் குறையில்லை, வைஃபையில் குறையில்லை, விடியற்காலை ஈரத்தில் மௌனம். அந்தப் பின்னிலிருந்து 3.3 வோல்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால் இந்தக் கசிவு பெரும்பாலும் தோற்றுவிடும். போர்டைக் காய்ச்சி வடித்த நீரிலும் பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலிலும் கழுவி உலர்த்தி, அக்ரிலிக் பூச்சு அடித்து, மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். இரும்புப் பெட்டி வேண்டாம். ஆன்டெனா உள்ளேயே அடைபட்டுவிடும். பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று இது. செம்புக் கோடுகளுக்கு அது தள்ளுபடி தராது.

கடைசியாக ஏன் விழித்தாய்?

கூண்டில் பொருத்திய பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் லேப்டாப்போடு வல்லத்தில் போக முடியாது. முதல் ஏற்றத்தை மட்டும் கேபிளில் செய்து, அடுத்தவற்றை வைஃபை வழியாக ஏற்றும் வசதியை அந்த முதல் நிரலிலேயே சேர்த்துவிடுங்கள். இஎஸ்பி32 ஃப்ளாஷில் புரோகிராமுக்கு இரண்டு இடங்களை ஒதுக்கும். புதியது காலியான இடத்தில் ஏறும், முழுதாக வந்து சேர்ந்த பிறகே அதற்கு மாறும். பாதியில் இணைப்பு அறுந்தாலும் பழையது அப்படியே இருக்கும்.

அதோடு ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள். இஎஸ்பி32 கடைசியாக எதனால் ரீசெட் ஆனது என்பதை நிரலால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நீரின் வெப்பத்தோடு அந்தக் காரணத்தையும் ஒவ்வொரு முறையும் அனுப்பச் சொல்லுங்கள். பிரவுன்அவுட் என்று வந்தால் பேட்டரியையோ சோலார் தகட்டையோ பாருங்கள். மின்சாரம் புதிதாக வந்தது என்றே திரும்பத் திரும்பச் சொன்னால், அலையாட்டத்தில் ஏதோ ஒரு கனெக்டர் கழன்று ஒட்டுகிறது. வாட்ச்டாக் என்றால் நிரல் எங்கோ மாட்டிக்கொள்கிறது. இந்த மூன்றில் அதற்கு மட்டும்தான் நீங்கள் எழுதிய வரிகளைத் திறக்க வேண்டும். ஒன்றுமே வராமல் மௌனமாக இருந்தால், உலர்ந்த துணியும் ஆல்கஹாலும் எடுத்துக்கொண்டு வல்லத்தில் ஏற வேண்டியதுதான். படகு டீசலுக்கு ஆகும் செலவு போர்டின் விலையைவிட அதிகமாகிவிடும் இடத்தில், எந்த வாசலில் நின்றது என்று கரையிலிருந்தே தெரிந்துகொள்வது பெரிய மிச்சம்.